அலுவலகத்தின் கார்பன் கணக்கு: பெரியதிலிருந்து தொடங்குவோம்

2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஓவோ எனர்ஜி என்ற மின்விநியோக நிறுவனம் ஒரு பிரச்சாரத்தை முன்னெடுத்தது. நாட்டில் வயதுவந்தோர் ஒவ்வொருவரும் தினமும் ஒரே ஒரு ‘நன்றி’ மின்னஞ்சலைத் தவிர்த்தால் ஆண்டுக்கு 16,433 டன் கார்பன் மிச்சமாகும் என்றது அது. செய்தி உலகம் முழுவதும் பரவியது. லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் பெர்னர்ஸ் லீ 2010-இல் தம் நூலில் தந்திருந்த தோராய எண்களே அதன் அடிப்படை. அதே நூலின் 2020 பதிப்பில் மடிக்கணினியிலிருந்து மடிக்கணினிக்குச் செல்லும் சிறிய மின்னஞ்சலுக்கு அவர் 0.3 கிராம் என்றே மதிப்பிட்டார். முதல் பதிப்பில் சாதாரண மின்னஞ்சலுக்கு 4 கிராம் என்று சொல்லியிருந்தார். முதலில் சொன்ன 16,433 டன்னை அப்படியே ஏற்றாலும், அது பிரிட்டனின் ஓராண்டு வெளியீட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அலுவலகத்தின் கார்பன் தடம் என்றதும் இத்தகைய சிறிய செயல்களே பேச்சில் முன்னால் வருகின்றன: மின்னஞ்சல், பிரிண்ட் அவுட், காகிதக் கோப்பை. வாடகையை எழுதாமல் தீப்பெட்டிக் காசை மட்டும் எழுதி வைக்கும் வீட்டுக் கணக்கைப் போன்றது இது. அலுவலக வேலைகளின் கார்பன் வெளியீட்டை எப்படி மதிப்பிடுகிறார்கள், எந்த எண்கள் நம்பத் தகுந்தவை, எங்கே சர்ச்சை இருக்கிறது என்பதைச் சென்னையில் இயங்கும் ஓர் அலுவலகத்தை மாதிரியாக வைத்துப் பார்ப்போம். 100 பேர், 1,000 சதுர மீட்டர், ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த மாதிரியின் அளவுகள் நான் கொண்ட அனுமானங்கள். அவற்றைப் பெருக்கும் காரணிகள் பொதுவெளியில் உள்ளவை.

எல்லை எங்கே?

கணக்கின் முதல் கேள்வி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது. உலக வளங்கள் நிறுவனமும் நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் சேர்ந்து 2001-இல் வெளியிட்டு 2004-இல் திருத்திய பசுங்குடில் வாயு நெறிமுறைதான் இன்று பெரும்பாலான நிறுவனங்களின் அடிப்படை. அது வெளியீடுகளை மூன்று ஸ்கோப்புகளாகப் பிரிக்கிறது. ஜெனரேட்டரில் எரியும் டீசல், ஏசியிலிருந்து கசியும் வாயு, நிறுவனத்தின் சொந்த வாகனங்கள் ஆகியவை ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. ஊழியர்கள் வந்து போவது, விமானப் பயணம், வாங்கும் கணினி, காகிதம், கழிவு என மற்ற எல்லாம் ஸ்கோப் 3. இந்த மூன்றாவதற்கென்று 2011-இல் வந்த தனி நெறிமுறை அதை 15 வகைகளாகப் பகுத்தது.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அதில் ஸ்கோப் 1, 2 எண்களைத் தந்தாக வேண்டும். ஸ்கோப் 3 விருப்பத்துக்கு விடப்பட்டது. ஓர் அலுவலகத்துக்கு இந்த ஏற்பாடு பெரிய இடைவெளியை விடுகிறது. தொழிற்சாலையில் புகைபோக்கி உள்ளேயே இருக்கிறது. அலுவலகத்துக்கோ வெளியீட்டில் கணிசமான பகுதி வாசலுக்கு வெளியே, சாலையிலும் வானத்திலும் கணினித் தொழிற்சாலையிலும் நிகழ்கிறது. ஸ்கோப் 3-ஐ விட்டுவிட்டு எழுதும் அலுவலகக் கணக்கு பாதிக் கணக்குதான்.

முதல் ஆவணம் கரண்ட் பில்

மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் நாட்டு மின்கட்டமைப்பின் கார்பன் காரணியை வெளியிடுகிறது. 2023-24-க்கான சராசரி, ஒரு யூனிட்டுக்கு 0.727 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பிரிட்டன் அரசு 2024-இல் தன் நாட்டுக்குத் தந்த காரணி சுமார் 0.207 கிலோ. வெளிநாட்டில் வடிவமைத்த கணிப்பான்களில் நம் யூனிட்டுகளை இட்டால் விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுவது இதனால்தான். எந்த நாட்டுக் காரணி பயன்பட்டது என்பதை முதலில் பார்க்காமல் எந்த எண்ணையும் ஏற்கக் கூடாது.

எரிசக்திச் சிக்கனப் பணியகம் 2009-இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரவரிசையைக் கொண்டு வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சென்னை போன்ற ஊர்களில் பெரும்பகுதி ஏசி செய்யப்பட்ட கட்டடம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 175 முதல் 200 யூனிட் செலவிட்டால் ஒரு நட்சத்திரம். 100-க்குக் கீழே என்றால் ஐந்து. நம் மாதிரி அலுவலகம் ஒரு நட்சத்திரத்தின் விளிம்பில் இருந்தால் ஆண்டுக்கு 2 லட்சம் யூனிட், அதாவது 145 டன். ஐந்து நட்சத்திரத்தின் விளிம்பில் இருந்தால் 73 டன். அதே 100 பேர், அதே வேலை. கட்டடம் மாறினால் 72 டன் குறைகிறது. இந்தக் கட்டுரையில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தரும் எண் வேறில்லை.

இத்தகைய கட்டடத்தில் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி குளிரூட்டலுக்குப் போகிறது என்று கொள்ளலாம். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது பணியகத்தின் மதிப்பீடு. ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் 21 டிகிரியை 24-க்கு மாற்றினால், ஒரு நட்சத்திரக் கட்டடத்தில் ஆண்டுக்குச் சுமார் 13 டன் மிச்சமாகும். செலவும் இல்லை, யாருக்கும் சிரமமும் இல்லை.

நடைமுறையில் சிக்கல், பில் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதில் எழுகிறது. தரமணி, பழைய மகாபலிபுரம் சாலை, கிண்டி வட்டாரங்களின் வாடகைக் கட்டடங்களில் விளக்குக்கும் கணினிக்கும் தனி மீட்டர் இருக்கும். சில்லர் (மையக் குளிரூட்டி), லிஃப்ட், நடைக்கூடம் ஆகியவற்றின் மின்சாரம் பொதுப் பராமரிப்புக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தன் மீட்டரை மட்டும் பார்த்துக் கணக்கெழுதும் நிறுவனம் குளிரூட்டலின் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. கட்டட உரிமையாளரிடம் மொத்த யூனிட்டைக் கேட்டு, தாம் வாடகைக்கு எடுத்த பரப்பின் விகிதத்தில் பங்கிடுவதே இதற்கு ஏற்ற வழி. வாடகை ஒப்பந்தத்தில் இதற்கொரு விதி இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஜெனரேட்டர் கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ, ஆண்டுக்கு 1,000 லிட்டர் என்றால் 2.7 டன். ஏசி வாயுவைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டதற்குச் சமம். கிட்டத்தட்ட 2,870 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. ஆர்-32 வாயுவின் எண் 675. கடற்காற்றின் உப்பு செம்புக் குழாய்களை அரிக்கும் ஊரில் ‘கேஸ் போட்டாச்சு’ என்று மெக்கானிக் சொல்லும் ஒவ்வொரு முறையும், எத்தனை கிலோ நிரப்பினார் என்று குறித்து வைக்க வேண்டும். எவ்வளவு நிரப்பினாரோ, ஏறத்தாழ அவ்வளவு முன்பே காற்றில் கலந்துவிட்டது.

ஸ்கோப் 2-இல் இன்னொரு விவாதமும் உண்டு. 2015-இல் வந்த வழிகாட்டுதல்படி இரண்டு எண்களைத் தர வேண்டும்: கட்டமைப்பின் சராசரியை வைத்து ஒன்று, நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய மின்சாரத்தை வைத்து ஒன்று. தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரத்தை ஒப்பந்தத்தில் வாங்கும் நிறுவனங்கள் இரண்டாவது எண்ணைப் பூஜ்யத்துக்கு அருகில் காட்ட முடியும். ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசுகிறது. அலுவலகமோ ஆண்டு முழுவதும் இயங்குகிறது. ஆண்டுக் கணக்கில் சரியாகிவிடும் அந்த மின்சாரம் ஜனவரி மாலையில் உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை ஒப்பந்தம் சொல்லாது. ஆகவே இரண்டு எண்களையும் அருகருகே வெளியிடுவதுதான் நேர்மை.

சாலையும் வானமும்

வீட்டிலிருந்து அலுவலகம் 20 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 9,600 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் ஒருவர் தனியாக வந்தால் ஆண்டுக்கு 1.47 டன். 45 கிலோமீட்டர் தரும் இருசக்கர வாகனத்தில் 0.49 டன். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தில் 40 பேரில் ஒருவராக வந்தால் 0.16 டன். கூட்டமாக ஓடும் மின்சார ரயிலில் அதைவிடவும் குறையும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலைத் தனியாகக் கணக்கிட்டால் முதல் இரண்டும் சற்று இறங்கும், வரிசை மாறாது.

100 பேரில் 15 பேர் கார், 50 பேர் இருசக்கர வாகனம், 35 பேர் பேருந்து என்று வைத்தால் மொத்தம் 52 டன். அதில் 22 டன் அந்த 15 கார்களிலிருந்து வருகிறது. கணக்கெடுப்புக்கு ஓர் எளிய படிவம் போதும்: எவ்வளவு தூரம், எந்த வாகனம், வாரத்தில் எத்தனை நாள், கூட யாராவது வருகிறார்களா. அலுவலகம் எங்கே அமைகிறது என்பது இந்தப் படிவத்தின் விடைகளை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. கடற்கரை–தாம்பரம் பாதையில் ரயில் நிலையத்தை ஒட்டிய அலுவலகமும் சிறுசேரி சிப்காட்டில் உள்ள அலுவலகமும் ஒரே ஊழியரை வெவ்வேறு வாகனத்தில் ஏற்றுகின்றன. மாதவரத்திலிருந்து சிப்காட் வரை திட்டமிடப்பட்டுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோ பாதை, அந்தச் சாலையில் உள்ள நிறுவனங்களின் கணக்கையே மாற்றக்கூடியது.

விமானத்தில் எண்கள் வேகமாக ஏறுகின்றன. சென்னையிலிருந்து டெல்லிக்குச் சாதாரண வகுப்பில் போய் வந்தால் ஒருவருக்குச் சுமார் 300 கிலோ. அலுவலகத்தில் 20 பேர் ஆண்டுக்கு நான்கு முறை போய் வந்தால் 24 டன். இது கார்பன் டை ஆக்சைடு மட்டும். உயரத்தில் உருவாகும் புகைத்தடங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடுதல் வெப்பத்தைத் தருகின்றன. 2021-இல் வெளியான ஒரு பெரிய அறிவியல் மதிப்பீடு, விமானப் போக்குவரத்தின் மொத்த வெப்ப விளைவில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் அல்லாதவற்றால் என்றது; அதில் நிச்சயமின்மையும் பெரிது என்றது. பிரிட்டன் அரசு 1.7 என்ற பெருக்கியைப் பரிந்துரைக்கிறது. அதைச் சேர்த்தால் நம் 24 டன் 41 ஆகும். நீண்ட தூர விமானங்களில் பிசினஸ் வகுப்பு இருக்கை பிடிக்கும் இடத்தைக் கணக்கில் கொண்டால் அது சாதாரண இருக்கையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பெங்களூரு, கோவை போன்ற தூரங்களுக்கு மின்மயமான பாதையில் பகல் ரயில்கள் உண்டு. 2022 நவம்பரில் சென்னை–மைசூரு வந்தே பாரத்தும் சேர்ந்துகொண்டது. அங்கே விமானத்துக்கு ஒப்புதல் தருவதற்கு நேரம்கூட வலுவான காரணமாக இருப்பதில்லை.

வாங்கும் பொருள்கள்

ஒரு மடிக்கணினியின் வாழ்நாள் தடம் சுமார் 200 முதல் 350 கிலோ என்று உற்பத்தியாளர்களின் அறிக்கைகள் காட்டுகின்றன. அதில் முக்கால் பங்குக்கும் மேல் தயாரிப்பிலேயே போய்விடுகிறது என்பார்கள். தூய்மையான மின்சாரம் உள்ள நாடுகளுக்கு அது பொருந்தும். இங்கே 30 வாட் கணினி நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 58 யூனிட், 42 கிலோ; நான்காண்டில் 168 கிலோ. தயாரிப்புக்கு 250 கிலோ என்று வைத்தால் பங்கு 60:40 ஆகிறது. அப்போதும் கணினியை நான்காண்டுக்குப் பதில் ஆறாண்டு வைத்திருப்பது நல்லது. 100 கணினிகளுக்குத் தயாரிப்புச் சுமை ஆண்டுக்கு 6.25 டன்னிலிருந்து 4.2 டன்னுக்கு இறங்கும். ஓடும் மின்சாரம் ஏற்கெனவே கரண்ட் பில்லில் வந்துவிட்டதால் இங்கே மறுபடி சேர்க்கக் கூடாது. இரட்டைக் கணக்கு நுழையும் முக்கியமான இடம் இதுதான்.

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். காகிதம் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் என்று கொண்டால், 100 பேர் தினம் பத்துத் தாள் செலவழித்தாலும் ஆண்டுக்கு 1.2 டன்தான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. அத்தகைய மூலப்பொருளுக்கு இந்த எண் மாறும்.

எதிர்பாராத இடம் தேநீர். ஜோசப் பூர், தாமஸ் நெமெச்செக் இருவரும் 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பால் லிட்டருக்கு உலகச் சராசரி 3 கிலோவுக்குச் சற்று மேல். ஆளுக்குத் தினம் இரண்டு டீ, ஒவ்வொன்றிலும் 50 மில்லி பால் என்றால் ஆண்டுக்கு 2,400 லிட்டர், சுமார் 7.5 டன். நம் பசுக்களுக்கும் எருமைகளுக்கும் எண் வேறுபடும். ஆயினும் டீக் கோப்பை காகிதமா கண்ணாடியா என்று விவாதிக்கும்போது, அதற்குள் இருக்கும் பாலின் எடை பெரிது என்பது தெரிந்திருக்க வேண்டும். யாரும் டீயை விட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மீட்டிங் முடிந்ததும் வீணாகக் கொட்டுவதைக் குறைக்கச் சொல்கிறேன்.

இணையத்தின் கணக்கு

மிகையும் திருத்தமும் அதிகம் நடந்த துறை இது. பிரான்சின் ஷிஃப்ட் ப்ராஜெக்ட் என்ற அமைப்பின் 2019 கணக்கைக் கொண்டு, அரை மணி நேரம் இணையத்தில் படம் பார்த்தால் 1.6 கிலோ என்று செய்தி வந்தது. பிட்டையும் பைட்டையும் குழப்பிய எட்டு மடங்குப் பிழை அதில் இருந்ததை அமைப்பே பின்னர் ஒப்புக்கொண்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் ஜார்ஜ் கமியா 2020-இல் செய்த மறுகணக்கு, ஒரு மணி நேரத்துக்கு 36 கிராம் என்றது. காணொளிச் சந்திப்பிலும் இதே கதை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 2021 ஆய்வு ஒன்று, மணிக்கு 150 முதல் 1,000 கிராம் வரை என்றும் கேமராவை அணைத்தால் 96 சதவீதம் குறையும் என்றும் சொன்னது.

இத்தகைய எண்கள், ஒரு ஜிபி தரவுக்கு இவ்வளவு மின்சாரம் என்று பெருக்கி வருபவை. அந்த முறையின் அடித்தளம் பலவீனமானது என்று ஜொனாதன் கூமியும் எரிக் மசானெட்டும் 2021-இல் விளக்கினர். கம்பியிணைப்பில் ஓடும் ரவுட்டரும் வலைக்கட்டமைப்பும் தரவு போனாலும் போகாவிட்டாலும் ஏறக்குறைய அதே மின்சாரத்தை இழுக்கின்றன. அதோடு, ஒரு ஜிபியைக் கடத்தும் மின்செலவு 2000 முதல் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை பாதியாகி வந்திருக்கிறது. ஐந்தாண்டுப் பழைய எண்ணைப் பயன்படுத்துபவர் பல மடங்கு மிகைப்படுத்துகிறார். கேமராவை அணைத்தால் டெல்லி விமானத்துக்கு ஈடாகும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த விமானத்தைத் தவிர்ப்பதற்காகக் கேமராவைத் தாராளமாக இயக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுக்கு 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் எண் தந்தது: ஜெமினியிடம் கேட்கும் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் மணி, 0.03 கிராம் கார்பன். கார்பன் எண் நிறுவனம் வாங்கிய தூய மின்சாரத்தின் அடிப்படையிலானது. அதே மின்சாரத்தை இந்தியக் கட்டமைப்பின் சராசரியில் பெருக்கினால் 0.17 கிராம். செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்கும் செலவு இதில் இல்லை. தொடக்கத்தில் பார்த்த மின்னஞ்சலுக்கு 0.3 கிராம் என்று வைத்து, ஆளுக்குத் தினம் 50 மடல் அனுப்பினாலும் 100 பேருக்கு ஆண்டுக்கு 0.36 டன். அதிலும் ஒரு பங்கு, மடலை எழுதவும் படிக்கவும் ஓடும் கணினியின் மின்சாரம். அது ஏற்கெனவே கரண்ட் பில்லில் இருக்கிறது.

வீட்டிலிருந்து வேலை

பெருந்தொற்றுக்குப் பின் அலுவலகத்தின் எல்லை வீடுவரை நீண்டுவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், முழுநேரம் வீட்டிலிருந்தால் தடம் 54 சதவீதம் வரை குறைந்தது. வாரம் ஒருநாள் மட்டும் வீட்டிலிருந்தால் 2 சதவீதம்தான். சர்வதேச எரிசக்தி முகமை 2020-இல், காரில் ஒருவழி 6 கிலோமீட்டருக்குள் வந்து போகிறவர் வீட்டிலிருந்தால் வெளியீடு கூடவும் செய்யலாம் என்றது.

சென்னைக்கு இதைக் கணக்கிட்டால் விடை இன்னும் கூர்மையாகிறது. வீட்டில் ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 5.8 கிலோ. 40 கிலோமீட்டர் காரில் போய் வருவது 6.1 கிலோ, இருசக்கர வாகனத்தில் 2 கிலோ. ஆக, பைக்கில் வரும் ஊழியர் வீட்டில் நாள் முழுவதும் ஏசி போட்டு உட்கார்ந்தால் தடம் கூடுகிறது. 75 வாட் மின்விசிறியோடு உட்கார்ந்தால் அரை கிலோவுக்குள் முடிகிறது. இதற்கிடையே அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தாலும் சில்லர் முழு மாடியையும் குளிர்வித்தால் அலுவலக மின்சாரத்தில் மிச்சமில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய எல்லோருக்கும் ஒரே நாளை ஒதுக்கி அன்று மாடியையே மூடினால்தான் அந்த மிச்சமும் கிடைக்கும்.

துல்லியம் எவ்வளவு தேவை?

மாதிரி அலுவலகத்தின் வரிசை இப்போது தெளிவு. மின்சாரம் 73 முதல் 145 டன், வந்து போவது 52, விமானம் 24 முதல் 41, பால் 7.5, கணினித் தயாரிப்பு 6, டீசல் 2.7, காகிதம் 1.2, மின்னஞ்சல் அரை டன்னுக்கும் கீழே. ஒவ்வோர் எண்ணிலும் முப்பது சதவீதப் பிழை இருந்தாலும் முதல் மூன்றும் முதல் மூன்றாகவே இருக்கும். அதனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓடுவது வீண். முதலிரண்டுக்கு மீட்டரையும் படிவத்தையும் கொண்டு கவனமான கணக்கு, மூன்றாவதற்குப் பயணச்சீட்டுப் பட்டியல், மற்றவற்றுக்குத் தோராயம். ரூபாயை வைத்துப் பெருக்கும் முறை அவசரத்துக்கு உதவும். ஆனால் விலை ஏறினால் கார்பன் ஏறியதாகவும் தள்ளுபடி கிடைத்தால் குறைந்ததாகவும் அது காட்டும். எந்த முறையானாலும் ஆண்டுக்காண்டு அதையே பின்பற்றினால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

வரிசையை இன்னொரு கண்ணால் பார்க்க வேண்டும். மேலே உள்ள பெரிய எண்களை முடிவு செய்பவர் யார்? எந்தக் கட்டடம், எத்தனை டிகிரி, எந்த இடம், ஊழியர் பேருந்து உண்டா, விமானத்துக்கு ஒப்புதல் யார் தருவது என எல்லாமே நிர்வாகத்தின் முடிவுகள். கீழே உள்ள சிறிய எண்கள்தான் ஊழியர் கையில் இருக்கின்றன. ‘பிரிண்ட் எடுக்கும் முன் யோசியுங்கள்’ என்ற வாசகம் ஊழியரின் மடலுக்கு அடியில் இடம்பெறும் அளவுக்கு, சில்லரின் வெப்பநிலை நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதில்லை. பொறுப்பு தவறான தோளில் ஏறுகிறது, மக்களும் சலித்துப்போகிறார்கள்.

ஆகவே அலுவலகத்தின் கார்பன் கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு விவரங்கள் இருக்க வேண்டும்: எத்தனை டன், அதை மாற்றும் அதிகாரம் எந்தப் பதவியில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஆண்டு, ஏசி மாற்றும் ஆண்டு, கணினி வாங்கும் ஆண்டு என்று முடிவுகளுக்கு ஒரு காலம் உண்டு. அந்தக் கோப்புகளில் கையெழுத்தாகும் முன் இந்த எண்கள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். பட்ஜெட்டில் ஒரு வரியையாவது மாற்றினால்தான் கணக்கெடுத்த உழைப்புக்குப் பலன் உண்டு.